வாசலைத் திறந்து வைத்தவர்

கணிதம் கற்பிப்பவனுக்கும் சிறைச்சாலைக்கும் என்ன உறவு? மொஸ்கோ நகரிலே ஓர் ஆசிரியருக்கு நேர்ந்ததை அறிந்த நாள்முதல் இக்கேள்வி என்னை விட்டகலவில்லை. நானும் கரும்பலகையின் முன்னே எண்களோடு வாழ்பவன்.

டிமித்ரி பொகத்தோவ் என்பது அவர் பெயர். பல்கலைக்கழகமொன்றில் கணிதம் கற்பித்தவர். தம் வீட்டுக் கணினியை ‘டோர்’ என்னும் வலையமைப்பின் கடைசி வாசலாக, ஊதியமெதுவுமின்றித் திறந்து வைத்திருந்தார். அவ்வலையமைப்பில் ஒரு செய்தி பல மறைகுறி உறைகளுக்குள் இடப்பட்டு, பொதுவாக மூன்று கணினிகளினூடாகச் செல்லும். ஒவ்வொன்றும் ஓர் உறையை மட்டுமே பிரிக்கும். முதலாவது கணினி அனுப்பியவரை அறியும், போகுமிடத்தை அறியாது. கடைசிக் கணினி போகுமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. வெளியே தெரிவது அக்கடைசி முகவரி மாத்திரமே. அதைக்கொண்டு வீட்டுக்காரரே எழுதினார் என்பது, தபாற்பெட்டிக்கு அருகில் வசிப்பவரே அதிலுள்ள கடிதங்களையெல்லாம் எழுதினார் என்பதற்கு ஒப்பாகும்.

2017 மார்ச் 26 இல் ரஷ்ய நகரங்கள் பலவற்றில் ஊழலுக்கெதிராக மக்கள் திரண்டனர். அதன்பின் சில நாட்களில், வன்முறைக்கு அழைக்கும் பதிவுகள் இணையத்தில் வெளிவந்தன. அவற்றிற் காணப்பட்டது பொகத்தோவின் கணினி முகவரி. ஏப்ரலில் அவர் கைதானார். பயங்கரவாதத்துக்குத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. ஒரு பதிவு வெளியான வேளையில் அவர் மனைவியுடன் வெளியே சென்றிருந்ததைக் கடைக் கமராவின் பதிவைக் காட்டிச் சட்டத்தரணி வாதிட்டார். ஆயினும் யூலைவரை சிறை; பின்னர் வீட்டுக்காவல். 2018 மே மாதத்திலேதான் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. ஓராண்டுக்கு மேலாக அவருடைய வாழ்வு வழக்கின் பிடியில் இருந்தது.

“மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். எங்கள் சங்கக் கிளையில் நடந்த வாக்கெடுப்பொன்றை அவருக்கு நினைவூட்டினேன். அதிகாரியின் முன்னிலையில் கையுயர்த்தச் சொன்னபோது பாதிப்பேர் தலைகுனிந்திருந்தார்கள். சீட்டுக் கொடுத்தபோது அவர்களே வேலைநிறுத்தத்தை ஆதரித்தார்கள். 1838 இல் பிரித்தானியத் தொழிலாளர் முன்வைத்த மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள் இரகசிய வாக்கும் ஒன்று. 1872 இலேதான் அது அங்கே சட்டமாயிற்று. மறைவு என்பது திருடனின் உடைமையன்று, எளியவனின் கவசம்.

அக்கவசத்தினுள் கயவரும் ஒளிவர் என்பது மெய்யே. ஆனால், எழுதிய கையைத் தேடி நிரூபிப்பது அரசின் கடமை. வாசலைத் திறந்து வைத்தவரைப் பிடித்து அக்கடமையை முடித்துக்கொள்ள முடியாது. டோரின் அடிப்படைக் கருத்து அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் உருவானது. அரசுகள் தமக்கு வேண்டுமென விரும்பும் மறைவையே குடிமகனிடம் கண்டு வெகுளுகின்றன.

பொகத்தோவ் விடுபட்டார், வாசல் விடுபடவில்லை. அநாமதேயக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ரஷ்யாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் டோரின் இணையத்தளமே முடக்கப்பட்டது.

இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்திலிருந்து அவற்றை மீட்பது அரிது. மறைகுறிக் கலையின் ஒரு பகுதி இந்த உண்மையின்மீது நிற்கிறது. இதை நாம் வகுப்பிலே கற்பிக்கலாம். இதைக் கற்றவன் எந்த நாட்டிலும் ஐயத்துக்குரியவனாகாதிருக்கக் குரல் கொடுப்பதும் ஆசிரியரின் பணியே.