மொய் நோட்டு, எக்ஸெல் ஷீட்டு, அப்புறம் எங்க கல்யாணம்

ஆபீஸ்ல பக்கத்து சீட்டு தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. "அண்ணா, நீங்க சிம்பிளா பண்ணீங்கள்ல, மொத்தம் எவ்ளோ ஆச்சு?"ன்னு கேட்டான். நாலு லட்சத்து ஏழாயிரம்னேன். "அவ்ளோதானா!"ன்னு வாயைப் பிளந்தான். தொகையைச் சொல்றது ஈஸி. அதுக்குள்ள இருக்குற கதையை ஒரு டீ பிரேக்ல சொல்ல முடியல. அதான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க மக்களே.

எங்க ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவுல. அப்பா கூட்டுறவு சொசைட்டில கிளார்க்கா இருந்தவர். வீட்டுக்குப் பின்னாடி ஒண்ணரை ஏக்கர் தென்னந்தோப்பு. அக்காவுக்கு 2017 வைகாசில கல்யாணம் ஆச்சு. பெரிய மண்டபம், 1200 பத்திரிகை, கேரளாவுல இருந்து செண்டை மேளம், ஐஸ்கிரீம் ஸ்டால், வாசல்ல அக்காவும் மாமாவும் சிரிக்கிற இருபது அடி ஃபிளெக்ஸ். நகையைச் சேர்க்காம பதினோரு லட்சம். அதுல ஆறு லட்சம் கடன். சம்பளத்தையும் தேங்காய்க் காசையும் வச்சு அஞ்சு வருஷத்துல அடைச்சிடலாம்னு அப்பா கணக்குப் போட்டார். கணக்குல தப்பே இல்ல.

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா வந்துச்சு. அந்த ராத்திரியைப் பத்தித் தனியாத்தான் எழுதணும். விடிஞ்சு அப்பா தோப்புக்குப் போய்ப் பார்த்தா, 105 மரத்துல நின்னுக்கிட்டிருந்தது பதினொண்ணு. மிச்சமெல்லாம் ஒரே திசையில தலைமாடு வச்சுப் படுத்த மாதிரி கிடந்துச்சு. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் குடுத்தாங்க. தாத்தா காலத்து மரத்துக்கு ஆயிரத்து நூறு ரூபாய். புதுசா வச்ச கன்னு பாளை விடவே அஞ்சாறு வருஷம் ஆகும். தோப்புல எல்லாம் சாஞ்சுடுச்சு, கடன் மட்டும் சாயாம நின்னுச்சு. நான் 2019ல வேலைக்குச் சேர்ந்து, அப்பாவும் நானுமா அதை முடிச்சது 2023ல.

அதனால என் கல்யாணப் பேச்சு வந்தப்ப ஒரே ஒரு விஷயத்துல உறுதியா இருந்தேன். கடன் கிடையாது. பெண் என்னோட வேலை பார்த்தவ, கரூர்ப் பக்கம். (இனிமே 'அம்மணி'. அவங்க ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க.) அவளுக்கு அப்பா இல்ல, அம்மா அங்கன்வாடி டீச்சர். கல்யாணச் செலவு பொண்ணு வீட்டோடதுங்கிற வழக்கத்தைத் தூக்கி வச்சுட்டு, அவ சேமிப்புல ரெண்டு லட்சம், என்னோடதுல ரெண்டு லட்சம்னு முடிவு பண்ணோம். கிரெடிட் கார்டைத் தொடக்கூடாதுன்னு ஒரு ஷரத்து.

முதல்ல மண்டபம் பார்க்கத்தான் போனேன். ஒண்ணரை நாளுக்கு 1,40,000 வாடகை. அதுக்கப்புறம் கரண்ட் யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் டீசல், கிளீனிங், பாத்திரம் தனி. சிலிண்டரும் டெகரேஷனும் அவங்க சொல்ற ஆள்கிட்டதான் எடுக்கணும். நம்ம கிளையன்ட் கான்ட்ராக்ட்டே பரவாயில்ல போல :-)

அந்த வாரம் அம்மணி முதல் தடவையா எங்க வீட்டுக்கு வந்திருந்தா. தோப்பைச் சுத்திப் பார்த்துட்டு, "இத்தன எடம் சும்மா கெடக்குது, எதுக்கு மண்டபம்?"னா. அம்மா சிரிச்சுட்டு, "தென்னந்தோப்புலயா? தாலி கட்டுற நேரம் தேங்கா மண்டைல விழும்மா"ன்னாங்க. அப்பா மட்டும் சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, "எல்லாம் 2019ல வச்ச புள்ளைங்கதானே, எங்க விழப்போவுது"ன்னார். அவ்வளவுதான். இடம் முடிவாயிடுச்சு. நின்ன பதினோரு பெரிய மரமும் கிழக்கு வரப்போரம். பந்தலை மேற்கால தள்ளிப் போட்டா போச்சு.

ஆனா சண்டை இடத்தைப் பத்தினது இல்ல, ஆள் கணக்கைப் பத்தினது. நான் 200 பேருன்னேன். அப்பா பீரோவைத் திறந்து மொய் நோட்டை எடுத்து மேசைல போட்டார். எங்க பக்கத்துல மொய்ங்கிறது சும்மா கவர் குடுக்குற விஷயம் இல்ல, தெரியும்ல? பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆடி மாசம் மொய் விருந்துன்னு தனியாவே வைப்பாங்க. வாங்கினதுக்கு மேல கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்யணும். மறந்தா அது பல வருஷத்துப் பேச்சு. அப்பா 1990கள்ல இருந்து எழுதி வச்சிருக்கார். "இத்தன பேரு வீட்ல சாப்ட்டுருக்கேன். அவங்கள கூப்புடாம நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கடத்தெருவுக்குப் போவேன்?"

நான் அப்பதான் அந்தத் தப்பைப் பண்ணேன். "இப்படியே எல்லாரையும் கூப்பிட்டுத்தானேப்பா அக்கா கல்யாணத்துல கடன்ல விழுந்தோம்"னேன். அக்கா அடுப்படில இருந்தா. அவளுக்குக் கேட்டிருக்கும்னு எனக்குத் தோணவேயில்ல. வெளிய வந்து, "அந்த ஃபிளெக்ஸை நானா கேட்டேன்? எல்லாரும் ஆசையா பண்ணிட்டு இப்ப என் பேர்ல எழுதுறீங்களாடா?"ன்னு கேட்டுட்டு, பையனைத் தூக்கிக்கிட்டு அன்னைக்கே ஊருக்குப் போயிட்டா. அவ கேட்டது நியாயம். அந்தக் கல்யாணத்துல அவகிட்ட யாரும் எதையும் கேட்கல. புடவை கலர் உட்பட.

சென்னை வந்து ரெண்டு வாரம் யாரோடவும் சரியா பேசல. அந்த நோட்டை மட்டும் பக்கம் பக்கமா போட்டோ எடுத்துட்டு வந்திருந்தேன். இன்ஜினியர் புத்தி எங்க போகும்? எல்லாத்தையும் எக்ஸெல்ல ஏத்தி, குடுத்தது வாங்கினது டேலி பண்ணி, "பாருங்கப்பா, இத்தன பேர்தான் பாக்கி"ன்னு காட்டிடலாம்னு திட்டம். ரெண்டு வீக்கெண்ட் டைப் பண்ணேன். 640 வரிசை. ஊர்ப் பேர், இனிஷியல், தொகை. சில பக்கத்துல தொகைக்குப் பதிலா 'ஆட்டுக்குட்டி 1'னு கூட இருந்துச்சு.

2018 பக்கம் வந்தப்பதான் கை நின்னுச்சு. தலைப்புல 'கஜா'ன்னு எழுதி அடிக்கோடு. கீழ, அரிசி 1 மூட்டை. தார்ப்பாய் 2. மெழுகுவர்த்தி 1 பெட்டி. ரம்பத்தோட வந்தது 2 ஆள் 3 நாள். குடிதண்ணி கேன். ஜெனரேட்டர் குடுத்து மோட்டார் ஓட்டினது. எல்லா வரிக்கும் எதிர்ல பேர். மொத்தம் 47 பேர். புயலுக்கப்புறம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாதப்ப, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல உக்காந்து எங்கப்பா இதையும் மொய்யாவே எழுதி வச்சிருக்கார். இவங்கள்ல பாதிப் பேருக்கு அக்கா கல்யாணத்துல பத்திரிகையே போகல. அப்ப நமக்கு இவங்க அவ்வளவு பழக்கமில்ல.

அப்பாவுக்கு போன் பண்ணி, "இந்த 47 பேர்ல இருந்து லிஸ்ட்டை ஆரம்பிக்கலாமாப்பா?"ன்னேன். எதிர்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அதையும் டைப் பண்ணியா"ன்னார்.

அதுக்கப்புறம் லிஸ்ட் ஒரே ராத்திரில முடிஞ்சது. கஜா பக்கம், தாயாதி, அம்மா வழி, அம்மணி பக்கம் 90, ஆபீஸ் 20. மொத்தம் முந்நூறு. மிச்சப் பேர்கிட்ட அப்பாவே கடைத்தெருவுல நேர்ல சொல்லிட்டார், "சின்னதா தோப்புல வைக்கிறோம், தப்பா நெனைக்காதீங்க"ன்னு. சிலபேர் நெனைச்சாங்க. ஒரு பெரியப்பா இன்னும் பேசுறதில்ல. மொய் வேண்டாம்னு பத்திரிகைல போடலாம்னேன். "குடுக்குற கையைத் தட்டி விடாதே"ன்னு அப்பா ஒத்துக்கல. கடைசில மொய் மேசை மட்டும் கிடையாது, அப்பா கையில யாராச்சும் திணிச்சா வாங்கிக்கலாம்னு சமரசம். பத்திரிகை 250தான் அடிச்சோம். வாட்ஸ்அப் பத்திரிகையெல்லாம் எங்க ஊர்ல செல்லாது. தட்டோட நேர்ல போய்க் குடுக்கணும். லீவு போட்டுட்டு அப்பாவும் நானும் டிவிஎஸ்ஸுல அலைஞ்ச அந்த ஆறு நாள் எனக்குக் கல்யாணத்தை விடப் பிடிச்சிருந்துச்சு.

2025 தை மாசம் ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். தைன்னா மல்லிகை பக்கம் போகவே முடியாது. பனிக்குப் பூ வரத்து குறைஞ்சு விலை எகிறிடும். அதனால மாலைக்கு சம்பங்கியும் அரளியும். தலைக்கு மட்டும் கொஞ்சம் மல்லிகை. மேடைக்கு பேக்டிராப்பே கிடையாது. ஊர்ல ஒரு தாத்தா, எண்பதைத் தொட்டவர், குருத்தோலைல தோரணம் கட்டி, கிளி, பம்பரமெல்லாம் முடைஞ்சு தொங்க விட்டார். காசு வாங்கல, ரெண்டு நாளும் வெத்தலை மட்டும் தட்டாம வேணும்னார். செண்டை மேளம் வேண்டாம்னு அம்மணி கண்டிப்பா சொல்லிட்டா. நாதஸ்வரம் தவிலுக்கு 25,000. தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்துக்கிட்டு நாதஸ்வரத்தை விட்டுட்டுப் போறது பாவம் இல்லையா? புடவை திருபுவனத்துல கூட்டுறவு சொசைட்டிலயே போய் எடுத்தா. கலர் அவளே பார்த்தது :-) தாலிக்கொடி அவங்கம்மாவோட பழைய சங்கிலியை அழிச்சுப் பண்ணது. கல்யாணத்துக்கு முன்ன ஜனவரிலயே பவுன் 60,000 தாண்டிடுச்சு, புதுசா வாங்கியிருந்தா எங்க ஷரத்து அங்கயே காலி.

சாப்பாட்டை இலைக்கு இவ்வளவுன்னு கான்ட்ராக்ட் விடல. மாஸ்டருக்கும் ஆட்களுக்கும் கூலி 32,000, சாமான் நாங்களே வாங்கினோம். இலை, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து 1,05,000. அதுல காலைல இட்லி, பொங்கல், வடை, திருவையாறு அசோகா. மத்தியானம் வத்தக்குழம்பு, அவியல், பால் பாயசத்தோட முழுச் சாப்பாடு. முதல் நாள் ராத்திரி கரூர் பஸ் வந்ததும் அம்மணியோட பெரியம்மாவே அடுப்புப் பக்கம் போய் அரிசிம்பருப்பு சாதம் பண்ணாங்க. எங்க மாஸ்டர் ஒரு வாய் தின்னு பார்த்துட்டு அளவு கேட்டு எழுதிக்கிட்டார்.

எல்லாம் அழகா நடந்துச்சுன்னு நெனைச்சுக்காதீங்க. வாடகைக்கு எடுத்த டாய்லெட் ரெண்டு பத்தல, பெண்கள் எல்லாம் எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வரிசை கட்டினாங்க. பனில ராத்திரி நனைஞ்சு ஜமுக்காளமெல்லாம் ஈரம். முந்நூறுன்னு போட்டது முந்நூத்தி எண்பது ஆயிடுச்சு. மூணாவது பந்தில சாம்பார் தீர்ந்து, மாஸ்டர் திரும்ப அடுப்பேத்தினார். அதுல பரிமாற வந்த பசங்க ரெண்டு பேரு வேற காணாம போயிட்டாங்க.

நானும் அம்மணியும் மேடைல நின்னு இதையெல்லாம் கையைப் பிசைஞ்சுக்கிட்டுப் பார்க்குறோம். அப்ப அக்கா பட்டுப்புடவையை இடுப்புல இழுத்துச் சொருகிக்கிட்டு சாம்பார் வாளியோட பந்திக்குள்ள இறங்கினா. அவ பின்னாடியே மாமா ரசத்தோட. நாலாவது பந்தி முடியுற வரைக்கும் அவ உக்காரல. எங்கிட்ட வந்தப்ப, "கல்யாணமாடா இது, காதுகுத்து மாதிரி இருக்கு"ன்னுட்டுப் போயிட்டா. பத்து மாசத்துல அவ எங்கிட்ட சாதாரணமா பேசின முதல் வார்த்தை அது.

வந்தவங்களுக்குத் தாம்பூலப் பைக்குப் பதிலா அப்பா தென்னம்பிள்ளை குடுத்தார். நின்ன பதினோரு மரத்துக் காயை, இடம் முடிவான மாசமே நாத்தங்கால்ல பதியம் போட்டிருக்கார். எங்ககிட்ட சொல்லவேயில்ல. கரூர் பஸ் டாப்புல ஒரு குட்டித் தோப்பே போச்சு. சென்னை நண்பன் ஒருத்தன் அதை பால்கனில பக்கெட்டுல வச்சிருக்கான், வேண்டாம்னு சொன்னா கேட்க மாட்டேங்குறான்.

போன தடவை ஊருக்குப் போனப்ப அப்பா நோட்டைக் குடுத்து, "இதையும் ஏத்திடு"ன்னார். புதுப் பக்கம், 'தம்பி கல்யாணம்'னு தலைப்பு. கையில திணிச்ச தொகையெல்லாம் மேல. அதுக்குக் கீழ, தோரணம் முடைஞ்சது, வாழைமரம் 4, பால் 20 லிட்டர், வீட்டைத் திறந்து விட்டதுன்னு ஒரு வரிசை. கடைசி வரி அக்கா பேர். எதிர்ல 'சாம்பார், 2 பந்தி'ன்னு எழுதியிருந்தார். ஷீட்டுல 'தொகை'ங்கிற கட்டத்தைக் காலியா விட்டு அடிச்சேன். அக்கா எட்டிப் பார்த்துட்டு, "மூணு பந்திடா, அப்பாவுக்குக் கணக்கே வராது"ன்னா. மாத்திட்டேன்.

பி.கு: பக்கத்து சீட்டு தம்பி, இதைப் படிச்சா, வேற எதுல மிச்சம் பிடிச்சாலும் பரவாயில்லடா. டாய்லெட் மட்டும் ஆறு சொல்லி வை.