வேலியோரத்துக் கனி

பழங்களில் இரண்டு வகை உண்டு என்பது நெடுநாளாக என் அபிப்பிராயம். வாழையும் மாவும் கொய்யாவும் போல, விளைந்த இடத்தை விட்டுப் புறப்பட்டு, வண்டியேறி, நகரத்துக் கடைவீதிக்கே வந்து நமக்காகக் காத்திருப்பவை ஒரு வகை. இன்ன பருவத்தில், இன்ன மலைச்சாரலில், இன்னாரிடம் கிடைக்கும் என்று விசாரித்து அறிந்து, நாமே தேடிச் சென்று வாங்க வேண்டியவை மற்றொரு வகை. ஆங்கிலத்தில் பேஷன் ஃப்ரூட் என்றும் மலைநாட்டுச் சந்தைகளில் தாட்பூட்பழம் என்றும் வழங்கும் கனி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அந்தக் கொடியின் சுபாவத்தையும், அதை வளர்ப்போரின் அன்றாட உழைப்பையும் ஓரளவேனும் அறிந்தவருக்கே நல்ல பழம் வாய்க்கிறது.

பிரேசிலின் தென்பகுதியையும் பராகுவேயையும் அவற்றை அடுத்த பிரதேசங்களையும் தாயகமாகக் கொண்ட இந்தக் கொடி, கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்து, நீலகிரி, பழனிமலை, வயநாடு, குடகு ஆகிய இடங்களின் சீதோஷ்ணம் தனக்கு இசைந்திருக்கவே, அங்கெல்லாம் வேரூன்றிவிட்டது. கொடைக்கானலுக்குக் கீழே பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கங்களில், காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களின் இடையே நடப்பவர்கள், தோட்டத்து வேலியின்மேல் தாராளமாகப் படர்ந்து கிடக்கும் இதன் மூன்று பிளவான இலைகளைக் காணலாம். மலையில் விளைவது பெரும்பாலும் ஊதாநிறத் தோலுடையது. மஞ்சள் தோலுடைய ஜாதி சற்றுப் பெரிதாகக் காய்ப்பது. சமவெளியின் வெப்பத்தையும் தாங்குவது. யாழ்ப்பாணத்தில் கொடித்தோடை என்று பெயர் பெற்று வீட்டு வளவுகளில் பந்தலேறி நிற்பது இதுவே. குடகிலுள்ள செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விரு ஜாதிகளையும் இணைத்துக் ‘காவேரி’ என்னும் கலப்பினத்தை உண்டாக்கி, விவசாயிகளுக்கு அளித்திருக்கிறார்கள்.

இக்கொடியின் மலர், கண்டவர் கண்ணை எளிதில் விடாத அழகுடையது. வெள்ளிதழ்களின் நடுவே, அடியில் ஊதாவும் நுனியில் வெண்மையுமாக மெல்லிய இழைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்க, அவற்றின் மத்தியில் ஐந்து மகரந்தப் பைகளும் மூன்று சூல்முடிகளும் உயர்ந்து நிற்கும். ஊதாப் பழத்தின் மலர் விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். மஞ்சள் பழத்தின் மலரோ நண்பகலில்தான் விரியத் தொடங்கும். மஞ்சள் ஜாதி பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. வேறொரு கொடியின் மகரந்தத்தைப் பெரிய கருவண்டுகள் சுமந்து வந்து சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். ஆகையால், வீட்டில் ஒற்றைக் கொடியை வைத்துவிட்டு, பூக்கிறதே, காய்க்கவில்லையே என்று வருந்துவோர் பக்கத்தில் வேறு விதையில் பிறந்த மற்றொரு கொடியையும் நட வேண்டும்.

பூத்து இரண்டு மூன்று மாதங்களில், பழுத்த கனி தானாகவே காம்பு கழன்று தரையில் விழுகிறது. இந்தப் பழத்தை வாங்குவதில் உள்ள சூட்சுமம் எல்லாம் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது. கொடியிலிருந்து பறித்துக் கூடையில் நிரப்பும் பழமன்று இது; காலையில் வேலியோரமாகக் குனிந்து, சருகை விலக்கி, இரவில் உதிர்ந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். தாமதித்தால் ஈரத்தில் பூசணம் பற்றும். அவசரப்பட்டுப் பிஞ்சிலே பறித்தாலோ, தோல் சுருங்குமேயன்றி உள்ளே மணமும் இனிப்பும் கூடுவதில்லை.

ஒருமுறை கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலைச் சாலையோரத்தில், பிளம்ஸும் பேரிக்காயும் வெண்ணெய்ப்பழமும் பரப்பி வைத்திருந்த ஒரு மூதாட்டியின் கடையில், காரிலிருந்து இறங்கிய ஒருவர் வழவழப்பான பழங்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அவரைத் தடுத்து, “சாமி, இதெல்லாம் நேத்து விழுந்தது, புளிக்கும். சுருங்கினதா எடுங்க. கையில வச்சா கனக்கணும், லேசா இருந்தா உள்ள ஒண்ணும் இருக்காது” என்று சொல்லி, தோல் திரைந்த பழம் ஒன்றைக் கையில் ஏந்திக் கனம் பார்த்து, சிறு கத்தியால் இரண்டாக வகிர்ந்து அவர் முன் நீட்டினாள். புறத்தோலுக்குள் தடித்த வெண்தோல். அதன் கிண்ணத்தில், மாதுளை முத்துக்களைப் போல், ஒவ்வொரு கருவிதையும் தனித்தனிச் சாற்றுப்பை போர்த்துப் பொன்னிறமாகத் ததும்பிற்று. அதன் வாசனை அருகில் நின்ற எனக்கும் எட்டியது. விற்கும் பொருளின் குணத்தை உள்ளபடி சொல்லித் தரும் இத்தகைய வியாபாரிதான் வாங்குபவனுக்குக் கிடைக்கும் முதல் பாக்கியம் என்று நான் கருதுகிறேன்.

அவள் சொன்ன இரண்டு அடையாளங்களோடு, காம்படியில் பூசணமும் தோலில் துளையும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் வேறு பரீக்ஷை வேண்டியதில்லை. தானாக உதிர்ந்த பழம் வழவழப்பாகவே கிடைத்தாலும் குற்றமில்லை. வீட்டில் காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்திருந்தால் தோல் சுருங்கிப் புளிப்புத் தணியும். சதையை வழித்து, சர்க்கரையும் குளிர்ந்த நீரும் சேர்த்துக் கலக்கி வடிகட்டினால், வெயிலில் நடந்து வந்தவருக்கு அதைவிட உத்தமமான பானம் இல்லை. விதையோடு கரண்டியால் எடுத்து உண்பதே எனக்குப் பிரியம். மெல்லும்போது விதைகள் நொறுங்கும் சுகம் வடிகட்டிய சாற்றில் வருவதில்லை.

இவ்வளவு சிறந்த கனி நம் நகரத்துக் கடைகளில் அபூர்வமாகவே தென்படுவதற்குக் காரணம், கடைவீதி கண்ணை நம்பி நடப்பதுதான். திரைந்த தோலைக் கண்டதும் அழுகல் என்று ஒதுக்கும் கண்ணுக்குப் பயந்து, வியாபாரி பழுக்காததை வரவழைக்கிறான். அதை ஒருமுறை உண்டவர், வெறும் புளிப்பு என்று தீர்மானித்து மறுமுறை கேட்பதில்லை. கேட்பார் இல்லாமையால் மலையிலிருந்து வருவதும் நின்றுபோகிறது. வேலியில் படர்ந்த கொடிக்குக் கிராக்கி இல்லையென்றால், அடுத்த முறை வேலியைச் செப்பனிடும்போது தோட்டக்காரர் அதை வெட்டி எறிவதற்குத் தயங்கமாட்டார். நல்ல கொடியும் சில வருஷங்களே செழிப்பாகக் காய்க்கும். பிறகு புதிதாக நட்டுத்தான் ஆகவேண்டும். ஒருவர் ஆர்வத்தோடு மறுபடி நடும்படி செய்வது, வாங்குகிறவர்களாகிய நம் கையில் இருக்கிறது.

ஆதலின், ஆவணிக்குப் பிறகோ பங்குனி, சித்திரை மாதங்களிலோ மலைப்பாதையில் செல்ல நேர்பவர்கள், பெரிய கடைகளைக் கடந்து சாலையோரத்துக் கூடைகளின் அருகே சற்று நிற்க வேண்டும். எந்தத் தோட்டத்துப் பழம், எப்போது விழுந்தது என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். காலையில் குனிந்து பொறுக்கிய கைக்கு, பேரம் பேசாமல், கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். அடுத்த பருவத்தில் அதே இடத்துக்கு மறுபடியும் போக வேண்டும். அவ்விதம் ஆண்டுதோறும் வந்து கேட்கும் மனிதர்கள் இருக்கும் வரையில்தான் வேலியில் கொடியும் இருக்கும்.