மஞ்சள் கரை

அம்மா போன பிறகு, திண்ணையோரம் சிமெண்ட் தொட்டியில் நின்ற மருளை மதுரைக்கு எடுத்துவந்தேன். நர்சரிகளில் அதை ஸ்நேக் பிளான்ட் என்பார்கள். வாள் போல நிமிர்ந்த இலை, கரும்பச்சையில் பாம்பு வரி, இரண்டு ஓரத்திலும் புடவைக்கு இருப்பது போல மஞ்சள் கரை. அம்மாவுக்கு அது 'கரை வச்ச மருள்'.

கரை இல்லாத மருள் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் வேலியோரம் கள்ளியோடு தானாகக் கிடக்கும். சங்கப் பாட்டில் மரல் என்று வருவது அதுதான். வறண்ட காட்டில் மான் அதைத் தின்னும். மலைபடுகடாத்தில் பூவையும் தளிரையும் அதன் நாரில் கட்டிச் சூடிக்கொள்வார்கள். அம்மா அந்த இலையைப் பலகையில் வைத்து, மழுங்கின கத்தியால் சோற்றை வழித்து எடுப்பாள். வெள்ளை நார் கையோடு வரும். ஒற்றை இழையை இழுத்துப் பார்த்தால் விரல் அறுபடுமே தவிர இழை அறாது. வில்லுக்கு நாண் திரிக்க ஏன் இதைத் தேடினார்கள் என்பது அப்போது விளங்கும். தொட்டியில் நின்றது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதன் உறவு.

இந்த இனம் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் காற்றை உள்ளே வாங்கும். வெயிலில் ஈரம் போகாமல் காக்கிற வழி அது. அதனால் படுக்கையறைக் காற்றையே சுத்தம் செய்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டுகிற, 1989-இல் வந்த நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் செய்தது. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. செடியை அதற்காக வாங்க வேண்டியதில்லை. பார்க்க அழகு, அது போதும்.

இரண்டு அங்குலம் மண் காய்ந்த பிறகே தண்ணீர். கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓர் ஐப்பசி மழையில் தொட்டியை மொட்டைமாடியிலேயே விட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது அடி கொழகொழத்து நாறியது. இலையைத் தொட்டதும் கையோடு வந்தது. அம்மாவின் பொருளில் உயிரோடு எஞ்சியது அது ஒன்றுதான். அன்று அடுப்பு மூட்டவில்லை.

அழுகாத கிழங்கு ஒன்று, மூன்று இலையோடு தேறியது. அதைக் காய்ந்த மணலில் வைத்தேன். கழன்ற இலைகளில் நல்ல பாகத்தை நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி ஊன்றினேன். அடிப்பக்கம் கீழே இருக்க வேண்டும். தலைகீழாக ஊன்றினால் வேர் விடாது. மூன்று மாதம் எந்த அசைவும் இல்லை. பிறகு மணலைக் கீறிக்கொண்டு குருத்துகள் வந்தன, ஏழு. ஒன்றிலும் கரை இல்லை. எல்லாம் முழுப் பச்சை.

காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்தச் செடி ஒரே உடம்பில் இரண்டு வகைத் திசு. பச்சையம் இல்லாத திசு ஓரத்தில் படர்வதால் மஞ்சள். இலைத் துண்டிலிருந்து புதிதாக எழும் குருத்துக்கு அந்த அடுக்கு அமைவதில்லை. கரை வேண்டுமென்றால் கிழங்கைத்தான் பிரிக்க வேண்டும். அதாவது, எஞ்சிய அந்த ஒன்றில் கத்தி வைக்க வேண்டும்.

இரண்டு வருடம் அதன் பக்கம் கத்தியைக் கொண்டுபோகவில்லை. போன மாசியில் அது இருந்த பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம் புடைத்து வெடித்தது. உள்ளே இடமில்லாமல் கிழங்கு சுவரை நெட்டித் தள்ளியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்திருந்த சமயம். அவள் தொட்டியைப் பிடித்துக்கொள்ள, விரல் தடிமன் கிழங்கை வேரோடு வெட்டினேன். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, செய்தித்தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் காட்டாதே என்றேன்.

நேற்று இரவு போன் செய்தாள்.

"அம்மா, பக்கத்துல ஒரு குருத்து முளைச்சிருக்கு."

"கரை இருக்கா பாரு."

"இன்னும் சுருண்டுக்கிட்டு இருக்கும்மா. விரியட்டும், சொல்றேன்."