கப்பு இல்லாத டிராவிட்

நேத்து போன்ல நண்பன் ஒருத்தன் வம்புக்கு இழுத்தான். "டிராவிட் என்னடா பெரிய ஆளு? வேர்ல்ட் கப் ஆடி ஜெயிச்சிருக்காரா?"

அப்படிப் பார்த்தா, 2007 டி20, 2011 ரெண்டு உலகக்கோப்பை அணியிலும் இருந்த பியூஷ் சாவ்லா டிராவிட்டை விடப் பெரிய ஆளா? (சாவ்லா மேல எனக்கு ஒரு கோபமும் இல்லீங்க. 2007-ல அவர் ஒரு மேட்ச்கூட ஆடலை, அவ்ளோதான்.)

எனக்கு டிராவிட்னா 2003 டிசம்பர், அடிலெய்ட் டெஸ்ட். ஆஸ்திரேலியா 556. நம்மாளுங்க 85-க்கு 4 விக்கெட். அங்கேயிருந்து லக்ஷ்மணோட சேர்ந்து 303 ரன். டிராவிட் மட்டும் 233. ரெண்டாவது இன்னிங்ஸ்ல 72 நாட் அவுட், கடைசி வரைக்கும் நின்னு ஜெயிக்க வச்சார். ஆனா நடுவுல அகர்கர் 6 விக்கெட் எடுக்கலேன்னா அந்த 233-ம் வீணாப் போயிருக்கும். அதே வருஷம் மார்ச்ல ஜோகன்னஸ்பர்க் ஃபைனல்ல ஆஸ்திரேலியா 359 அடிச்சப்போ இவர் விக்கெட் கீப்பர். ஸ்டம்புக்குப் பின்னாடி நின்னு என்ன பண்ண முடியும்?

2007-ல கேப்டனா போய் முதல் ரவுண்டுலயே திரும்பினது மட்டும் இன்னும் உறுத்துது. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

இவ்வளவும் அவன்கிட்ட பேசினேன். 2024-ல பார்படாஸ்ல, கோச்சா நின்னவர் கையில கோலி கப்பைக் கொடுத்ததும் மனுஷன் கத்தினாரே ஒரு கத்து, அதைப் பார்த்து நான் அழுததை மட்டும் சொல்லலை.