பேர் எழுதின பலகை

வெளியூரில் பிழைக்கப் போன ஆம்பளை ஊருக்கு வந்தால் இறங்க ஒரு வீடு இருக்கும். இடிந்து கிடந்தாலும் அவன் பேரில் பட்டா இருக்கும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அப்படியில்லை. ஐயா இருக்கிற வரைக்கும் அது பிறந்த வீடு, அப்புறம் அண்ணன் வீடு, அதற்கும் அப்புறம் மதினி வீடு. உங்களுக்குத் தெரியாததா? அதனால்தான், நல்ல நிலைக்கு வந்த பழைய மாணவிகளுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா என்று தகவல் வந்ததும், பொன்னாடை யார் யாருக்கு என்றுகூடக் கேட்காமல் ஒரு கூட்டமே காளையார்கோவிலுக்குக் கிளம்பியது.

தொண்டி ரோட்டில் நாட்டரசன்கோட்டை தாண்டினால் கழுத்து தன்னால் ஜன்னலுக்கு வெளியே நீளும். பொட்டல், பனை, சீமைக்கருவேலம், மறுபடி பொட்டல். அதற்கெல்லாம் மேலே மருது பாண்டியர் கட்டின பெரிய கோபுரம் தெரியும். பக்கத்தில் அதன் தங்கச்சியைப் போலச் சின்னக் கோபுரம். ரெண்டும் கண்ணில் பட்டால்தான் பையைக் கையில் எடுப்போம்.

எங்கள் பள்ளிக்கூடத்து மணி ஒரு தண்டவாளத் துண்டு. கோவில் மணி ஓய்ந்து, புறாக்கள் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்த பிறகு அது அடிக்கும். ஓட்டுக் கட்டடம், சாணி மெழுகின தரை, சுவரோரம் வேம்பு. பங்குனியில் பரீட்சை எழுதுகிறபோது பேப்பர் மேல் வேப்பம்பூ உதிரும். ஐப்பசியில் ஓடு ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் சத்துணவு அண்டாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அது நிறைகிற சத்தத்துக்குள் பாடம் நடக்கும். 1982-ல் சின்னப் பிள்ளைகளுக்கு வந்த சத்துணவு பெரிய வகுப்புக்கும் நீண்டபோது, நாலாவது பீரியடில் விறகுப்புகையும் சாம்பார் வாசமும் கணக்கு டீச்சரை மீறி உள்ளே வரும். அந்த வாசத்துக்காகவே படிப்பை நிறுத்தாமல் வந்த பிள்ளைகள் எங்கள் பெஞ்சிலேயே இருந்தார்கள்.

வாசலில் இலந்தைப்பழம் விற்ற அப்பத்தாவை நினைவிருக்கிறதா? சாக்கை விரித்துக் கூறு கட்டியிருக்கும். தை, மாசியில் பனங்கிழங்கு, வெயில் ஏற ஏறக் கொடுக்காப்புளி, நுங்கு. காசில்லாத பிள்ளையை அது திருப்பி அனுப்பினதே இல்லை. "ஏத்தா, பெரிய டீச்சராகிக் குடு" என்று கையில் திணிக்கும். டீச்சரானவர்கள் ஆனார்கள். கொடுக்கப் போனபோது அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது.

சாயங்காலம் தொண்டிப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸின் கூரையில் மீன்கூடைகள் இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளையின் தாவணியில் மீன்தண்ணி சொட்டும். மறவமங்கலம், கொல்லங்குடி, புலியடிதம்மம் என்று ஊருக்கொரு பஸ், பஸ்ஸுக்கொரு கூட்டம். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஆனைமடுப் படிக்கட்டில் உட்கார்ந்து அடுத்த பஸ் வரும்வரை படிப்பார்கள். ஐராவதம் கொம்பால் கீறி உண்டாக்கின மடு அது என்பார்கள். அந்தத் தண்ணீரில் பெரிய கோபுரம் தலைகீழாகக் கிடந்து ஆடும்.

அந்தக் கோபுரத்துக்கு மானாமதுரையிலிருந்து செங்கல் வந்ததை எங்கள் அப்பத்தா கதையாகச் சொல்லும். வண்டியில் வரவில்லையாம். வழிநெடுக ஆட்கள் நின்று கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்களாம். எங்கள் புத்தகங்களும் அப்படித்தான் வந்தன. மேல்வகுப்பு அக்காவிடம் பாதி விலைக்கு வாங்குவோம். முதல் பக்கத்தில் அவள் பேரை அடித்துவிட்டு என் பேர்; அடுத்த வருசம் என் பேரை அடித்துவிட்டு இன்னொருத்தி. ஓரத்தில் அக்கா எழுதிவைத்த விடைகள், எப்போதோ வைத்த மயிலிறகு, பக்கங்களில் அவள் வீட்டு அடுப்பு வாசம். இலவசப் புத்தகம் புதுசாக வருவது நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு முன்னால் இதை யார் படித்தாள் என்று இப்போதுள்ள பிள்ளைக்குத் தெரிய வழியில்லை.

வரலாறு டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் பாடம் நடத்துவார். 1772-ல் சிவகங்கை ராஜா முத்துவடுகநாதர் சண்டையில் விழுந்த மண்ணில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பார். அவர் ராணி வேலு நாச்சியார் தப்பிப் போன வழியைச் சொல்ல மறுத்து வெட்டுப்பட்ட உடையாளின் கதைக்கு வந்ததும் கொல்லங்குடிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வெட்டுடையார் காளி அவர்கள் ஊர்ச் சாமி. பக்கத்துப் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி, ஆம்பளைப் பிள்ளைகள் படித்த கல்லூரியில் திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டு, 1912-ல் டாக்டரானதையும் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி டாக்டரானாள். வேலு நாச்சியாருக்கு 2008 கடைசியில் தபால்தலை வந்தபோது, முதலில் வாங்கி டீச்சருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. டீச்சர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

விழா நன்றாகவே நடந்தது. டாக்டருக்கும், போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும், இந்தப் பள்ளிக்கே தலைமையாசிரியையாக வந்தவளுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். டாக்டர் மைக்கைப் பிடித்தவள் ஒரு வார்த்தையும் வராமல், வேப்பமரம் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கான்கிரீட் கட்டடம், தகரக் கொட்டகை, நிழலே இல்லை. பேர் வாசித்தபோதுதான் சிக்கல். புருஷன் இனிஷியலோடு வாசித்தால் எங்களுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அட, நம்ம மறவமங்கலம் பஸ்ஸுடி!" என்று கத்திய பிறகுதான் முகங்கள் திரும்பி வந்தன. அதுக்கப்புறம் மேடைக்கு ஒரு விழா, எங்களுக்கு ஒரு விழா.

பெரிய டீச்சர் அறையில் ஒரு மரப்பலகை இருந்ததே. பத்தாம் வகுப்பில் வருசா வருசம் முதல் மார்க் வாங்கினவள் பேரை, மார்க்கோடு, கறுப்பில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் எங்கள் பேர் ஊரறிய எழுத்தில் வர இருந்த ஒரே இடம் அதுதான். ஓட்டுக் கட்டடத்தை இடித்தபோது அதுவும் போயிருக்கிறது. எங்கே போனது என்று அங்கிருந்த யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் நாங்களாகவே அந்தப் பலகையைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தோம். மேலேயிருந்து வரிசையாக, ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள். கீழேயிருந்து மூன்றாவது வரியில் தகராறு. "நானூத்து முப்பத்தொண்ணு." "இல்லடி, நாப்பத்தொண்ணு. நான்தானே அவ பக்கத்துல உக்காந்தேன்." அவளையே கேட்கலாமென்றால், ப்ளஸ் ஒன்னில் சேராமலேயே அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இளையான்குடிப் பக்கம் என்றாள் ஒருத்தி, பரமக்குடிப் பக்கம் என்றாள் இன்னொருத்தி. மார்க்குக்குச் சண்டை போட ஆள் இருந்தது. ஊரைச் சரியாகச் சொல்ல ஆளில்லை.