எந்தக் கடற்கரைக்குப் போவது?

கடற்கரையிற் பிறந்தவர்கள் யாவரும் கடலை அறிந்தவர்கள் என்னும் எண்ணம் மலைநாட்டிலும் தலைநகரிலும் வளர்ந்த நண்பர்களிடையே உறுதியாக நிலவுகின்றது. நான் கல்முனையை அடுத்த சாய்ந்தமருதைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே மூன்று ஒழுங்கைகளே உள்ளன. என் தந்தையார் கடற்றொழிலாளி. இவ்வளவும் தெரிந்திருந்த என் வகுப்புத் தோழர்கள், பரீட்சை முடிந்ததும் மேற்கொள்ளவிருந்த சுற்றுலாவுக்கு உகந்த கடற்கரை ஒன்றைத் தெரிவு செய்யும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்ததில் வியப்பில்லை. ஆயின், அவர்கள் அறியாத செய்தி ஒன்றுண்டு. எனக்கு நீந்தத் தெரியாது. அன்றுவரை கடல்நீரில் முழங்காலளவுகூட நான் இறங்கியதில்லை.

காரணம் நீண்டதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையை அழித்தபோது எனக்கு ஒரு வயது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு மாண்டனர். அவர்களுள் இருவர் எங்கள் வீட்டார்: கரையோரத்திலிருந்த பழைய வீட்டில் தங்கியிருந்த வாப்பும்மாவும், அவரோடு அன்றிரவு படுக்கப்போயிருந்த ஆறு வயது ராத்தாவும். வாப்பா சில மாதங்களில் மீண்டும் தொழிலுக்குப் போனார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. உம்மா கடற்கரைக்குப் போவதை நிறுத்தினார். நானும் போகவில்லை.

சுற்றுலாப் பொறுப்பை நான் தட்டிக் கழித்திருக்கலாம். கழிக்காமைக்கு முந்திய ஆண்டு நிகழ்ந்த ஒன்று காரணமாயிற்று. டிசம்பர் விடுமுறையில் எம் வகுப்பினர் சிலர், ஒரு புகைப்படத்தின் அழகை நம்பிக் கிழக்குக் கரையிலே ஓரிடத்துக்குச் சென்றிருந்தனர். நீந்தத் தெரிந்த தோழர் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்றவாறே இழுபட்டுப் போனார். கரையை நோக்கி நீந்தி நீந்திக் களைத்தவரை, அருகே வலை திருத்திக்கொண்டிருந்த மீனவர்கள் கயிறு எறிந்து மீட்டார்கள். இதனை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னாற் சிரிக்க முடியவில்லை. எனவே, இம்முறை கேட்டறிந்து தெரிவு செய்வதென்று முடிவு செய்தேன். கேட்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் ஆசிரியர் வாப்பா. நல்ல கடற்கரை எது என்று தொலைபேசியில் அவரைக் கேட்டேன்.

“வடிவு பாத்துக் கடலுக்குப் போறல்ல மகள். நேரம் பாத்துத்தான் போற” என்றார்.

அவர் சொன்னதை இலங்கைப் படத்தின்மீது வைத்துப் பார்த்தால் விளங்கும். எமது தீவுக்கு ஒரே கடற்காலம் இல்லை. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஹிக்கடுவை, உனவட்டுனை முதலிய கரைகள் கொந்தளிக்கும். அந்நாட்களிற் கிழக்கே கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வானம் வெளித்திருக்கும். நவம்பரில் நிலைமை மாறும். வடகீழ்ப் பருவக்காற்றும் மாரிமழையும் கிழக்குக் கரையைப் பற்றிக்கொள்ள, தென்மேற்குக் கரை அமைதியடையும். ஆகவே, எந்தக் கடற்கரை என்று கேட்பதற்குமுன் எந்த மாதம் என்று கேட்டல் வேண்டும். என் தோழர் டிசம்பரில் இழுபட்டமைக்கு அக்கரையை மட்டும் குறைகூற இயலாது. காலமல்லாக் காலத்திற் போனவர்கள் அவர்கள்.

எங்கள் பரீட்சை ஜூலை இறுதியில் முடிந்தது. ஆதலால் தெற்கும் மேற்கும் தாமாகவே விலகின. கிழக்கில் எஞ்சியவை மூன்று: திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா, பொத்துவிலுக்குத் தெற்கே அறுகம்பே. நீராடுவதொன்றே நோக்கமாயின் பாசிக்குடாவையே நான் முன்மொழிந்திருப்பேன். அங்கே கடற்பார் அலையைத் தடுத்துவிடுவதால் நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டாது. ஆயின் நாங்கள் பதினான்கு பேர். சிலருக்கு நீராட விருப்பம். நால்வருக்கு அலைச்சறுக்குப் பழக விருப்பம். சிலருக்கு மணலிலிருந்து கதைத்தாற் போதும். இம்மூன்றுக்கும் ஒரே குடாவில் இடமளிப்பது அறுகம்பே. ஊரவர் உல்லை என வழங்கும் இக்கிராமத்தையே தெரிந்தேன்.

இரண்டாவது கேள்வி அங்கே போன பின்னர் எழுவது. ஒரு கடற்கரை முழுவதும் ஒரே கடலன்று. அறுகம்பே பிறைபோல் வளைந்த கரை. அதன் தென்னந்தத்தில் நிலம் ஒரு முனையாகக் கடலுள் நீள்கின்றது. தென் இந்து சமுத்திரத்தில் பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் வீசும் புயற்காற்றுகள் எழுப்பும் நெடிய அலைகள் தெற்கிலிருந்து வந்து, இம்முனையைச் சுற்றி வளையும்போது ஒரே நேரத்தில் உடையாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காக உடைந்துகொண்டு செல்கின்றன. கரையில் நிற்பவருக்கு அது வலமிருந்து இடமாக ஓடுவதாகத் தோன்றும். பலகைமீது கரைநோக்கி வருபவருக்கோ அது வலப்பக்கம் திரும்பும் அலை. இந்த ஒழுங்கைத் தேடித்தான் 1970கள் முதலாக உலகெங்குமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் இச்சிறு கிராமத்துக்கு வருகின்றனர். ‘மெயின் பொயின்ற்’ என அவர்கள் அழைக்கும் அவ்விடம் தேர்ந்தவர்களுக்கு உரியது. அடியிற் பாறை உண்டு. அதே முனை தன் உட்புறத்தே அலையின் வேகத்தைத் தணித்து, மீன்பிடிப் படகுகள் கரையேற்றப்பட்டிருக்கும் மூலையை அமைதியாக்குகின்றது. வீரருக்கு அலையைக் கொடுப்பதும் எம்போன்றோருக்கு அதைத் தடுப்பதும் ஒரே நிலத்துண்டுதான்.

படகு நிற்கும் இடத்தைத் தேடுமாறு வாப்பாவும் சொல்லியிருந்தார். “தோணி ஏத்துற இடத்தத் தொழிலாளி சும்மா தெரியிறல்ல” என்பது அவர் கூற்று. மற்றொன்றும் சொன்னார். “வெள்ளையா நுரைக்கிற இடத்துக்குப் பயப்புடத் தேவல்ல. நடுவுல நுரையில்லாம அமந்து கிடக்கும், அதத்தான் பாக்கணும். அதுக்குள்ளதான் இழுவ.” கரைக்கு வந்த நீர் திரும்பக் கடலுக்குப் போகவேண்டும். அது மணற்றிட்டுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தைக் கண்டு, அதன் வழியே ஆறுபோல் வெளியேறும். பள்ளத்தில் ஆழம் மிகுதியாதலால் அலை அங்கு உடையாது. அறியாதவர் அதனை அமைதி என எண்ணி அங்கேயே இறங்குவர். என் தோழரும் அவ்வாறே இறங்கினார். இழுவையிற் சிக்கியவர் அதனை எதிர்த்து நீந்தலாகாது. மிதந்தபடி உதவி கேட்கலாம். இயலுமாயின் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுவையின் ஒடுங்கிய பாதையை விட்டு விலகிய பின்னர் கரைக்குத் திரும்பலாம். இதனை எமக்கு எந்தப் பாடசாலையும் கற்பிக்கவில்லை. கடலை நம்பி வாழும் ஊர்களின் பிள்ளைகள் இதனைக் கல்லாமலே க.பொ.த. உயர்தரம் வரை வந்துவிடுகின்றோம்.

மூன்றாவது கேள்வி உம்மாவினுடையது. அறுகம்பே போகின்றேன் என்று சொன்னபோது அவர் மறுமொழி கூறவில்லை. இரண்டு நாட்கள் அதுபற்றிப் பேசவும் இல்லை. நெய்தற்றிணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்றும் சிறுபொழுது எற்பாடு என்றும் விரிவுரை மண்டபத்திற் படித்துப் பரீட்சையில் எழுதியவள் நான். அவ்விரங்கல் எங்கள் வீட்டில் எவ்வாறு இருக்குமென்பதை எழுதுமாறு எவரும் கேட்டதில்லை. மாலையாகிக் கடலோசை கூடும் நேரத்தில் உம்மா கிழக்குப் பக்கத்து யன்னலைச் சாத்துவார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். “நீந்தத் தெரிஞ்ச ஆராச்சும் கூட வாறாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அவ்வொரு கேள்வியால் எங்கள் திட்டம் மாறியது. பதினான்கு பேரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மூவர். பெண்கள் எண்மரில் ஒருவருமில்லை. எங்கள் ஊர்களிற் பெண்கள் மாலையிற் குடும்பத்தோடு மணலில் வந்து அமர்வதுண்டு. நீரில் இறங்குவது அரிது. ஆகவே, எவ்வளவு அழகிய கரையாயினும் எம்மிற் பாதிப்பேருக்கு அது பார்க்கும் பொருளாகவே இருந்திருக்கும். அறுகம்பேயில் 2018ஆம் ஆண்டு இலங்கையின் முதலாவது மகளிர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டதை அறிந்திருந்தேன். தாய்மாரும் இளம்பெண்களும் நீண்ட கைச்சட்டையும் காற்சட்டையும் அணிந்து பலகையோடு கடலில் இறங்கும் ஊர் அது. எமக்கும் அங்கே ஒரு பெண் ஆசிரியை கிடைத்தார்.

ஓகஸ்ட் மாதம். என் தோழர்கள் மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாகப் பொத்துவிலுக்கு வந்தனர். நான் வீட்டிலிருந்து காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி எனக் கரையோரமாகவே பஸ்ஸிற் சென்று அவர்களோடு சேர்ந்தேன். மறுநாட் காலையிற் படகுகள் நிற்கும் மூலையில் இறங்கினோம். ஆசிரியை எங்களை உடனே நீரினுள் அழைக்கவில்லை. கால்மணி நேரம் மணலில் நிறுத்தி, அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று சொல்லுமாறு கேட்டார். எனக்கு விடை தெரிந்திருந்தது. வாப்பாவின் பாடத்தை நான் ஒப்புவித்தபோது, “நீங்க கடற்கரை ஊரா?” என்றார்.

பின்னர் இறங்கினோம். முழங்காலளவில் நான் நின்றுவிட்டேன். அச்சத்தை விடவும், செய்யலாகாத ஒன்றைச் செய்கின்றேன் என்னும் உணர்வே மேலோங்கியது. ராத்தாவை நான் முகத்தாலும் அறியேன். ஆயினும் அந்நேரத்தில் அவள் நினைவே வந்தது. ஆசிரியை காரணம் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். நெடுநேரம் கழித்து ஓரடி வைத்தேன். அன்று இடுப்பளவு நீர்வரை சென்றேன். மற்றவர்களிற் சிலர் பலகைமீது எழுந்து நின்றார்கள்; பலர் விழுந்தார்கள். முந்திய ஆண்டு இழுபட்ட தோழர் அந்நாள் முழுவதும் கரையிலேயே நின்று எங்கள் பதின்மூவரையும் ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தார். மாலையில் ஞாயிறு எங்கள் முதுகுப்புறமாக, நிலத்தின்மீது மறைந்தது.

எந்தக் கடற்கரைக்குப் போவதென்று இனி எவரேனும் கேட்டால் என்னிடம் ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஏதுமில்லை. எப்போது, எவ்விடத்தில், எவரோடு என்னும் மூன்று கேள்விகளே உள்ளன. அவற்றுக்கு விடை தருபவர்கள் விளம்பரக்காரரல்லர். அக்கரையில் வலை திருத்துபவரும், காவல் நிற்கும் உயிர்காப்பாளரும், பலகை பிடிக்கக் கற்றுத் தருபவருமே தருவர். அவர்களைக் கேட்டு இறங்கினால் நம் கரைகளிற் பெரும்பாலானவை நல்ல கரைகளே.

வீடு திரும்பியதும் உப்பூறிய என் உடுப்புகளை உம்மா வாங்கி வாளியில் ஊறப்போட்டார். எதுவரை இறங்கினேன் என்று கேட்டார். இடுப்பளவு என்றேன். சிறிது நேரம் உடுப்பைப் பிழிந்துகொண்டிருந்துவிட்டு, “அப்ப நீந்தப் பழகுங்க” என்றார்.

பழகத் தொடங்கியுள்ளேன்.