ஸ்டீரியோவை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு

பழைய ஆம்ப்ளிஃபயரும் வூஃபரும் அப்படியே இருக்கட்டும், முன்னால் இருக்கிற ஸ்டீரியோவை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். பெரிய ஸ்கிரீன் வேண்டும், ரிவர்ஸ் கேமரா வேண்டும், போனில் இருக்கிற மேப் அதில் தெரிய வேண்டும். டிக்கியில் கைவைக்க வேண்டாம் என்பார்கள். "அண்ணே, பின்னாடி எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பழைய செட்ல இருந்து பிடுங்கி இதுல சொருகிட்டாப் போதும்" என்பது வழக்கமான பேச்சு. சொருகினால் பாட்டும் வரும். வம்பே அங்கேதான் இருக்கிறது. தப்பாக இணைத்தாலும் பாடுகிற சாமான் இது. சில மாதம் கழித்து வூஃபரின் காயில் கருகும்போது, ஸ்டீரியோ மாற்றிய நாள் யாருக்கும் ஞாபகம் வராது. வூஃபர் செய்த கம்பெனிதான் திட்டு வாங்கும்.

வயர் நிறங்களைச் சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைப் பையன்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மஞ்சள் நேரடி பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வருகிற கரண்ட், கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் ஸ்பீக்கருக்கு. காருக்குப் பொருந்துகிற கப்ளர் வாங்கிவிட்டால் கம்பெனி வயரை வெட்டவே தேவையில்லை. கட்டிங் பிளேயரை முதலில் கையில் எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கவனிக்க வேண்டியது வெள்ளைக் கோடு போட்ட நீல வயர். ரிமோட் என்போம். ஸ்டீரியோ ஆன் ஆனதும் இதில் 12 வோல்ட் வரும். அதைப் பார்த்துத்தான் ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொள்ளும். இதைக் கோடில்லாத நீல வயரோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது ஆன்டெனாவுக்கு உரியது. பல செட்டுகளில் ரேடியோ பாடும்போது மட்டுமே அதில் கரண்ட் இருக்கும். எஃப்.எம்.மில் பேஸ் வருகிறது, புளூடூத்தில் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். அவசரத்தில் ரிமோட்டை மஞ்சளில் முறுக்கிவிட்டால் ஆம்ப்ளிஃபயர் இரவெல்லாம் விழித்திருக்கும். நாலு நாள் நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அடுத்தது எர்த். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறதா? ஆல்டர்னேட்டர் இரைச்சல் அது. புது ஸ்டீரியோ மட்டம் என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி டிக்கியில் இருப்பான். ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைப் பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், அல்லது துரு பிடித்திருக்கும். ஸ்டீரியோவின் எர்த்துக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்கும் இடையே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் போதும், பாட்டை ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோகிற ஆர்.சி.ஏ. வயரின் வெளிச்சுற்று வழியே கரண்ட் ஓடி இரைச்சலாகிவிடும். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு லக் வைத்து இறுக்க வேண்டும். வயர் பவர் கேபிளின் தடிமனிலேயே, நீளம் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கும், அதைத் தொடக்கூடாது. உயிர் காக்கிற போல்ட் அது.

இரைச்சலுக்கென்று ஐசோலேட்டர் என்ற குட்டி டப்பா விற்கிறார்கள். விலை மலிந்ததை ஆர்.சி.ஏ.வில் மாட்டினால் இரைச்சலோடு ஆழமான பேஸும் கொஞ்சம் போய்விடும். வூஃபர் லைனில் நான் அதை மாட்டுவதில்லை.

இன்னொன்று. வேலை தொடங்குமுன் 10 எம்.எம். ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது அதன் எர்த் விட்டுப்போனால், கரண்ட் ஆர்.சி.ஏ. வழியாக ஸ்டீரியோவுக்குள் திரும்பப் பார்க்கும். உள்ளே இருக்கிற மெல்லிய பாதை கருகும். புது செட், முதல் நாளே இரைச்சல்.

இனி கெயின், அதாவது ஸ்டீரியோவின் வோல்டேஜுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரில் சரிசெய்கிற திருகு. ஸ்டீரியோ மாற்றும் வேலையில் பாதி இதுதான், ஆனால் கூலிக் கணக்கில் இது வருவதே இல்லை. பழைய செட்டின் ஆர்.சி.ஏ.வில் 2 வோல்ட் வந்திருக்கும். புதியதில் 4 வோல்ட் வரலாம். கெயின் திருகு பழைய இடத்திலேயே நின்றால், இரண்டு மடங்கு வோல்டேஜ், அதாவது நான்கு மடங்கு பவர் கேட்கிறோம் என்று அர்த்தம். 300 வாட் ஆம்ப்ளிஃபயரிடம் 1200 வாட் கேட்டால் எங்கிருந்து கொடுக்கும்? அலையின் தலையை வெட்டித் தட்டையாக்கி அனுப்பும். அந்தத் தட்டை அலைதான் காயிலைச் சூடாக்கிக் கருக்குவது. கேட்பவருக்கோ, "புது செட்ல பேஸ் சும்மா அதிருதுண்ணே!"

செய்ய வேண்டியது இது. வூஃபர் வயரைக் கழற்றிவிடுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். கெயினை முழுக்கக் குறைத்துவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனைப் பென்டிரைவில் போட்டு ஓட்டி, வால்யூமை முக்காலில் நிறுத்துங்கள். 40 வரை போகிற செட்டில் 30. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துக் கெயினை மெல்லத் திருக வேண்டும். எத்தனை வோல்ட் வரை? வாட்டை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தெரியும். 2 ஓம்ஸில் 300 வாட் என்றால் 600-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 24.5 வோல்ட். அங்கே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். வாட் கணக்கை அட்டைப்பெட்டியில் எழுதிய 'மேக்ஸ்' எண்ணிலிருந்து எடுக்காதீர்கள், தொடர்ந்து கொடுக்கிற வாட்டைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்தான் கணக்கு. இன்ஜினை ஓடவிட்டே அளக்க வேண்டும். நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருக்கிற பேட்டரி, ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் காட்டும்.

மெனுவையும் விடக்கூடாது. புது செட்டுகளில் சப்வூஃபர் அவுட் பெரும்பாலும் ஆஃபில் இருக்கும், அல்லது ரியர் என்று வைத்திருப்பார்கள். பேஸை மட்டும் உள்ளே விடுகிற லோ பாஸ் ஃபில்டர் ஸ்டீரியோவிலும் இருக்கும், ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கும். இரண்டையும் 80 ஹெர்ட்ஸில் வைத்தால் அந்த எல்லையில் சத்தம் இரட்டிப்பாக வெட்டுப்பட்டு, முன் ஸ்பீக்கருக்கும் வூஃபருக்கும் நடுவே ஓட்டை விழும். ஒன்றை ஆஃப் செய்யுங்கள்.

வண்டியை எடுக்கப் போகும்போது மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டிக்கியைத் திறந்து கெயினைப் புதுசா வச்சீங்களா?" இல்லை என்றால், வைத்து முடிக்கும்வரை பணம் கொடுக்காதீர்கள்.